ஒரு வேளைக்கு எத்தனை பிஸ்கட்? உப்பு பிஸ்கட் பொட்டலத்தின் கணக்கைப் படிக்கும் முறை

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே காவிரியை ஒட்டி அமைந்த குத்தாலம் போன்ற நெல் விளையும் ஊர்களில், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் ஆட்களின் முற்பகல் தேநீருக்கும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் மாலைப் பசிக்கும் உப்பு பிஸ்கட் இன்று துணைப் பண்டமாகிவிட்டது. மளிகைக் கடையில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் கிடைக்கும் அந்தப் பொட்டலத்தின் பின்புறத்தில், மடிப்புக்கு அருகே, பளபளக்கும் தாளில் பொடி எழுத்துகளில் ஓர் அட்டவணை அச்சிடப்பட்டிருக்கும். அதில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் அவை எந்த அளவுக்கு உரியவை என்பதைக் கவனிக்காமல் படிப்பவர், தாம் உண்ணும் உப்பையும் கொழுப்பையும் நான்கில் ஒரு பங்காகக் குறைத்து மதிப்பிட்டுவிட முடியும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட முகப்புச்சீட்டு ஒழுங்குமுறைகளின்படி, பொதியப்பட்ட உணவு ஒவ்வொன்றிலும் 100 கிராமுக்கு, அல்லது ஒரே தடவையில் உண்டு முடிக்கும் பொட்டலமாயின் அந்தப் பொட்டலம் முழுமைக்கும், ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் ஆகியவற்றின் அளவு தரப்பட வேண்டும். இதனுடன், ஒரு வேளை அளவை உண்டால் நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவில் எத்தனை விழுக்காடு உடலில் சேர்கிறது என்பதும் குறிக்கப்பட வேண்டும். இந்த விழுக்காடுகளுக்கு அடிப்படையாகச் சராசரி வயதுவந்தோர் ஒருவருக்கு 2000 கிலோ கலோரி ஆற்றல், 67 கிராம் மொத்தக் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் ஆகியவை கொள்ளப்பட்டுள்ளன. நிறைவுற்ற கொழுப்பு என்பது பாமாயில், வெண்ணெய் முதலியவற்றில் மிகுதியாக உள்ளதும், இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடியதுமான வகையாகும். சோடியம் என்பது உப்பின் ஒரு கூறு, அதன் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும் என்பதால், 2000 மில்லிகிராம் சோடியம் 5 கிராம் உப்புக்குச் சமம்.

சிக்கல் எழுவது அந்த 'ஒரு வேளை அளவு' என்ற இடத்தில்தான். வழக்கமாக ஒரு தடவையில் உண்ணப்படும் அளவு, அல்லது முகப்புச்சீட்டில் குறிக்கப்படும் அளவு என்று விதி அதை வரையறுப்பதால், எத்தனை கிராம் என்பதை முடிவு செய்யும் உரிமை பெரிதும் தயாரிப்பாளரிடமே விடப்பட்டிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். 60 கிராம் எடையுள்ள ஓர் உப்பு பிஸ்கட் பொட்டலத்தில், 100 கிராமுக்கு 500 கிலோ கலோரியும், 10 கிராம் நிறைவுற்ற கொழுப்பும், 900 மில்லிகிராம் சோடியமும் இருப்பதாகவும், ஒரு வேளை அளவு 15 கிராம் என்று அச்சிடப்பட்டிருப்பதாகவும் கொண்டால், சோடியத்துக்கு எதிரே ஏறத்தாழ 7 விழுக்காடு என்ற எளிய எண்ணே கண்ணில் படும். பொட்டலத்தைப் பிரித்தவர் அதை முழுதும் தின்று முடித்தாரானால், உடலில் சேர்வது 540 மில்லிகிராம் சோடியம், அதாவது நாளொன்றுக்கான வரம்பில் 27 விழுக்காடு. நிறைவுற்ற கொழுப்பும் அதே 27 விழுக்காடுதான். சோறு, குழம்பு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்புக் கணக்கு அதன் பிறகே தொடங்குகிறது.

இதற்கு மாறாக, அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு ஊட்டச்சத்து முகப்புச்சீட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, மக்கள் உண்மையில் ஒரு தடவைக்கு எவ்வளவு உண்கிறார்கள் என்ற ஆய்வுகளின் அடிப்படையில் பண்டவாரியான அளவுகளை அரசே வகுத்தது. நொறுக்குத் தீனியாக உண்ணப்படும் உப்பு பிஸ்கட்டுக்கு அங்கு அடிப்படை அளவு 30 கிராம். அந்த அளவு உண்ணத் தக்க அளவைக் குறிப்பதன்று, வழக்கமாக உண்ணப்படும் அளவையே குறிப்பது என்பதும், அதனால் இரு நிறுவனங்களின் பண்டங்களை ஒரே தராசில் வைத்து ஒப்பிட முடிகிறது என்பதும் கவனிக்கத்தக்கவை.

உப்பு பிஸ்கட் சிறிதாக இருந்தும் ஆற்றல் செறிந்திருப்பதன் காரணம் அதன் செய்முறையிலேயே உள்ளது. மைதா மாவைக் கொழுப்புடன் பிசைந்து, மெல்லிய தகடாகத் தேய்த்து, நீராவி வெளியேறிப் பண்டம் உப்பாமல் தட்டையாக இருக்கும்படி சிறு துளைகள் குத்தி, மேலே உப்புத் தூவிச் சூளையில் சுடுகிறார்கள். பல வகைகளில், சூளையிலிருந்து வெளிவந்த சூட்டோடு எண்ணெயும் தெளிக்கப்படுகிறது. ஆகவே 'பொரிக்கவில்லை, சுட்டது' என்ற அறிவிப்பு உண்மையாக இருந்தாலும், எண்ணெய் குறைவு என்று அதற்குப் பொருளில்லை. வடித்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் 100 கிராம் சோறு ஏறத்தாழ 130 கிலோ கலோரியே தருகிறது. பிஸ்கட்டில் ஈரம் மிகச் சிறிதளவே எஞ்சுவதால், அதே எடைக்கு அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு ஆற்றல் கிடைத்துவிடுகிறது, வயிறு மட்டும் நிறைவதில்லை. பிஸ்கட்டைப் பொங்கச் செய்யும் சமையல் சோடாவும் சோடியம் கொண்டதே என்பதால், நாக்கில் உறைக்கும் உப்பு மட்டுமே முழுக்கணக்கு ஆகாது.

இத்தகைய கணக்குகளுக்குத் தமிழ்நாட்டு மண்ணிலும் ஒரு பழைய தொடர்பு உண்டு. தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்தோரைத் தாக்கிய பெரிபெரி நோயை ஆராய 1918ஆம் ஆண்டில் குன்னூரில் மருத்துவர் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அரிசி, பருப்பு, கீரை முதலிய இந்திய உணவுகளின் சத்தளவுப் பட்டியல் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஆக்ராய்டு தலைமையில் 1937இல் குன்னூரிலிருந்துதான் வெளிவந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உப்பைக் குறைக்கவும், முகப்புச்சீட்டைப் படித்து வாங்கவும் அறிவுறுத்துகிறது.

ஆனால் படிப்பதற்கே இங்கு ஒரு தடை இருக்கிறது. முகப்புச்சீட்டு விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதே விதி; தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத மேற்பரப்புள்ள மிகச் சிறு பொட்டலங்களுக்கோ ஊட்டச்சத்து அட்டவணையிலிருந்தே விலக்கு உண்டு. 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று இந்திய வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டறிந்தது. தமிழ்நாட்டு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக இரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலிலேயே பெற்றுக்கொள்ளும் முதியவர், தேநீரில் தோய்த்து உண்ணும் பிஸ்கட்டில் எவ்வளவு உப்பு உள்ளது என்பதைத் தம் மொழியில் அறிய வழியில்லாமல் இருப்பது பெருங்குறை.

சிலி நாடு 2016 முதல், உப்பு, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, ஆற்றல் ஆகியவை வரம்பு மீறிய உணவுகளின் முன்புறத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கைக் குறியைக் கட்டாயமாக்கியது. 2019இல் நிலைபெற்ற அதன் வரம்பு 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்பது. எடையை அடிப்படையாகக் கொண்டதால் ஒரு வேளை அளவைச் சுருக்கி அக்குறியிலிருந்து தப்ப இயலாது. இந்தியாவில் 2022இல் நட்சத்திர மதிப்பீட்டு வரைவு முன்வைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் முன்புற முகப்புச்சீட்டு பற்றிய பரிந்துரைகளை விரைந்து இறுதி செய்யுமாறு பணித்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியக்கூடிய குறியே காவிரி டெல்டா கிராமங்களுக்குப் பயன்படும்.

உள்ளூர்த் தட்டையும் முறுக்கும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல. அரிசி மாவும் உளுந்து மாவும் சேர்ந்த தட்டையில் கடலைப்பருப்பும் கறிவேப்பிலையும் இருந்தாலும், எண்ணெயில் பொரித்த பண்டத்தில் கொழுப்பு கணிசமாகவே இருக்கும். வீட்டுச் சுவை என்பதால் அளவு தேவையில்லை என்றாகாது. அவித்த சுண்டலும், பொட்டுக்கடலை கலந்த பொரியும், ஊறவைத்த அவலும் அன்றாடச் சிற்றுண்டிக்கு எளிதில் கிடைப்பவை.

வாங்குவோர் செய்ய வேண்டியவை மூன்று. விழுக்காட்டைப் பார்க்கும் முன் ஒரு வேளை அளவு எத்தனை கிராம் என்று பார்த்து, பொட்டலத்தின் நிகர எடையை அதனால் வகுத்து, கிடைக்கும் எண்ணால் விழுக்காட்டைப் பெருக்க வேண்டும். இரு பண்டங்களை ஒப்பிடும்போது 100 கிராம் பத்தியை மட்டுமே நம்ப வேண்டும். சேர்மானப் பட்டியல் அதிக அளவில் உள்ள பொருளில் தொடங்கி இறங்குவரிசையில் எழுதப்படுவதால், பல தானிய பிஸ்கட் என்று பெயர் பெற்ற பண்டத்தில் முதலிடம் மைதாவுக்கா என்பதைச் சரிபார்க்க வேண்டும். அரசு செய்ய வேண்டியவையும் மூன்று: பண்டவாரியாக ஒரு வேளை அளவை நிர்ணயிப்பது, சிறு பொட்டலங்களுக்கு முழுப் பொட்டலக் கணக்கையே கட்டாயமாக்குவது, விற்கும் மாநிலத்தின் மொழியில் விவரம் தருவது. உண்பவருக்குப் புரியும் மொழியில், அவர் உண்மையில் உண்ணும் அளவுக்குக் கணக்குச் சொல்லும் முகப்புச்சீட்டே நேர்மையான முகப்புச்சீட்டு.