பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்குமா?



போன ஐப்பசி மழையில் அப்பாவின் சைக்கிளில் தம்பியைக் கேரியரில் வைத்துக்கொண்டு வந்தேன். கன்னடியன் கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் ஒரு ஆச்சி புல்லுக்கட்டோடு குறுக்கே வந்துட்டாங்க. பிரேக்கை இறுக்கிப் பிடிச்சேன். சைக்கிள் நிக்கவே இல்லை! வயலுக்குள் இறக்கிவிட்டேன். தம்பிக்கு முழங்கையில் சிராய்ப்பு. "ஏட்டி, பாத்து வரக்கூடாதா?" என்று ஆச்சி ஏசினார்கள்.

"பிரேக் போயிட்டு" என்று வீட்டில் சொன்னேன். அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்றார். அப்படியானால் ஏன் நிற்கவில்லை? அறிவியல் டீச்சரிடமும் சைக்கிள் கடை அண்ணாச்சியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பிரேக் வகைகள்

1. கம்பி பிரேக்: பழைய பெரிய சைக்கிளில் இருப்பது. பிடியை அழுத்தினால் கம்பிகள் இழுக்கும். இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கம் போய் அழுத்தும். வீல் கொஞ்சம் கோட்டமாக இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் கம்பி மூட்டுகள் தளர்ந்தால் பிடிப்பு குறையும்.

2. வயர் பிரேக்: வயர் இழுத்ததும் இரண்டு கட்டைகள் இடுக்கி மாதிரி ரிம்மின் இரு பக்கமும் கவ்வும். எடை குறைவு. வீல் கோட்டமானால் உரசும். வயர் துருப்பிடித்தால் அறுந்துபோகும்.

3. வி பிரேக்: இதுவும் வயர்தான். ஆனால் கைகள் நீளம். நெம்புகோல் பாடத்தில் படித்தோமே, அதே தத்துவம்! குறைந்த பலத்தில் அதிகப் பிடிப்பு.

4. டிஸ்க் பிரேக்: வீலின் நடுவில் உள்ள இரும்புத் தட்டைக் கவ்வும். தட்டு, தரையில் கிடக்கும் தண்ணீருக்கும் சகதிக்கும் எட்டி இருப்பதால் மழையிலும் நன்றாகப் பிடிக்கும். தட்டில் எண்ணெய் பட்டால் போச்சு!

மழையில் நடப்பது என்ன?

ரிம் நனைந்தால் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உராய்வு குறைந்துவிடும். கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். அதற்குள் வீல் சில சுற்று ஓடிவிடும். பளபளப்பான இரும்பு ரிம்மில் இது மிக மோசம். அலுமினிய ரிம்மில் பரவாயில்லை.

முன்னா, பின்னா?

பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? சைக்கிளிலும் அப்படியே. பாரம் முன் வீலுக்குப் போய்விடும். பின் வீல் லேசாகி வழுக்கும். அதனால் நிறுத்தும் சக்தி முன் பிரேக்கில்தான் அதிகம்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு மூன்று தோழிகளும் நானும் ஓட்டிப் பார்த்தோம். பின் பிரேக் மட்டும் பிடித்தவள்தான் கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போனாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது சீக்கிரம் நின்றது. முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் குப்புற விழ நேரிடும், ஜாக்கிரதை!

வேகக் கணக்கு

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 1 வினாடிக்கு 5 மீட்டருக்கு மேல் ஓடும். கை பிரேக்கைத் தொடும் முன்பே அவ்வளவு தூரம் போய்விடலாம்! மேலும் வேகம் 2 மடங்கானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் 4 மடங்காகும்.

இப்போது எனக்குப் புரிந்தது. நனைந்த இரும்பு ரிம், இறக்கம், பின்னால் தம்பி, பயத்தில் நான் பிடித்தது பின் பிரேக் மட்டும். தப்பு பிரேக்கில் இல்லை, என்னிடம்தான். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

தோழர்களே! மழையில் இறக்கத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த கட்டையை உடனே மாற்றுங்கள். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிள் நமக்கும் கிடைக்கும். அன்றைக்குப் பெல்லை அடித்துப் பார்க்கும் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி