வளைந்த கண்ணாடியை உலோகச் சட்டகத்தில் ஒட்டுதல்: வெப்ப விரிவுப் பொருத்தம்

வெப்ப விரிவுப் பொருத்தம் என்பது, ஒன்றோடொன்று இணைக்கப்படும் இரு பொருட்கள் வெப்பநிலை மாறும்போது ஏறத்தாழ ஒரே அளவில் விரிந்து சுருங்குமாறு அவற்றைத் தெரிவு செய்தல் ஆகும். வாகனங்களின் முன்கண்ணாடி, வில்லைகள், மின்விளக்குக் குமிழ்கள் ஆகியவற்றில் இது முக்கியமானது.

ஒரு பாகை செல்சியசு வெப்பநிலை உயர்வுக்குப் பொருளின் நீளம் எவ்வளவு கூடுகிறது என்பதை நீள் விரிவுக் குணகம் குறிக்கிறது. மில்லியனில் ஒரு பங்கு என்ற அளவில் சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்கு இது சுமார் 9, டைட்டானியத்திற்கு 8.6, எஃகிற்கு 12, அலுமினியத்திற்கு 23.

1.4 மீட்டர் அகலமுள்ள ஒரு முன்கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 50 பாகை உயரும்போது எஃகுச் சட்டகம் கண்ணாடியைவிடச் சுமார் 0.2 மி.மீ. மட்டுமே கூடுதலாக நீளும். அலுமினியச் சட்டகமானால் வேறுபாடு ஏறத்தாழ 1 மி.மீ. இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் விறைப்பான சட்டகத்தில் சிறிதும் நெகிழாத பசையால் ஒட்டியிருந்தால் கண்ணாடியில் சுமார் 50 மெகாபாசுக்கல் இழுவிசைத் தகைவு உருவாகக்கூடும். கண்ணாடி அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவையில் வலுவற்றது. வெட்டப்பட்ட விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் இருக்கும். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும்.

வளைவு இச்சிக்கலைக் கூட்டுகிறது. தட்டையான கண்ணாடியில் வேறுபட்ட விரிவு பசையைப் பெரும்பாலும் பக்கவாட்டில் சறுக்கவே செய்யும். வளைந்த கண்ணாடியிலோ சட்டகம் நீளும்போது அதன் வளைவு ஆரமும் மாற முயல்கிறது. எனவே சில இடங்களில் பசை அமுங்க, வேறு இடங்களில், குறிப்பாக மூலைகளில், உரிந்து வரும் திசையில் இழுக்கப்படுகிறது. பசைகள் சறுக்கலைவிட உரிதலுக்கு மிக எளிதில் தோற்றுப்போகும்.

வாகனங்களில் இதற்குத் தீர்வு, நெகிழும் பாலியூரித்தேன் பசையைப் போதிய தடிப்பில் இடுவதாகும். மேலே கூறிய அலுமினியச் சட்டகத்தில் ஒவ்வொரு முனையும் சுமார் அரை மி.மீ. நகரும். பசை 5 மி.மீ. தடிப்பானால் சறுக்குத் திரிபு 10 விழுக்காடு அளவே. அதைப் பசை எளிதில் தாங்கும். அரை மி.மீ. தடிப்பில் மெல்லியதாக ஒட்டியிருந்தால் திரிபு 100 விழுக்காடாகிவிடும். முன்கண்ணாடியின் ஓரத்தில் காணப்படும் கருப்புப் பட்டை வெறும் அழகுக்கானதன்று; அது பசையைப் புற ஊதாக் கதிர்களிலிருந்து காக்கிறது.

வில்லைகளில் நுட்பமான வேறொரு வழி உண்டு. பசையின் விரிவு உலோகத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், வில்லைக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சரியாகத் தெரிவு செய்தால் மூன்றின் விரிவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். உலோகம், கண்ணாடி ஆகியவற்றின் குணக வேறுபாட்டைப் பசை, உலோகம் ஆகியவற்றின் வேறுபாட்டால் வகுத்து, வில்லையின் ஆரத்தால் பெருக்கினால் தேவையான தடிப்பு கிடைக்கும். சிலிக்கோன் பசையின் குணகம் 220 எனக் கொண்டால், 100 மி.மீ. விட்டமுள்ள பிகே7 கண்ணாடி வில்லைக்கு (குணகம் 7.1) அலுமினிய வளையத்தில் சுமார் 4 மி.மீ. பசை வேண்டும், டைட்டானியத்தில் 0.35 மி.மீ. போதும். இச்சூத்திரம் மிகையான மதிப்பைத் தருவது வழக்கம். சிலிக்கோன் ஏறத்தாழ அமுங்காத பொருள். பக்கங்களில் அடைபட்டிருக்கும்போது ஆரத் திசையில் கூடுதலாக விரியும். ஆகவே உண்மையில் தேவைப்படும் தடிப்பு குறைவு.

பசையே இன்றி உருக்கி இணைக்கும்போது குணகங்கள் நெருங்கியே ஆக வேண்டும். தொடக்கக் கால மின்விளக்குகளில் விலை உயர்ந்த பிளாட்டினம் கம்பி பயன்பட்டதற்கு, அதன் குணகமும் 9 அளவில் இருந்ததே காரணம். பின்னர் இரும்பு-நிக்கல் உள்ளகத்தின் மீது செம்பு பூசிய கம்பி அதன் இடத்தைப் பிடித்தது. கோவார் என்ற இரும்பு-நிக்கல்-கோபால்ட்டு உலோகக்கலவை, குணகம் 5 அளவிலுள்ள போரோசிலிக்கேட் கண்ணாடிகளுடன் பொருந்தும். ஆய்வகக் குடுவைகளில் பயன்படும் போரோசிலிக்கேட்டின் குணகம் 3.3 என்பதால் அதனுடன் பொருந்தாது. பெயர் ஒன்றாக இருப்பதால் மாணவர்கள் இங்கே தவறுவதுண்டு.

பசை எந்த வெப்பநிலையில் இறுகுகிறதோ அதுவே தகைவற்ற நிலை. சூளையில் 120 பாகையில் இறுகிய பசை அறை வெப்பநிலைக்கு வரும்போதே சுமார் 90 பாகை வேறுபாட்டின் தகைவைச் சுமந்திருக்கும். அதனால் பெரிய வளைந்த கண்ணாடிகளுக்கு அறை வெப்பநிலையில் இறுகும் பசைகளே விரும்பப்படுகின்றன.