வறண்ட ஆற்றுப்படுகையில் மோட்டார் சைக்கிள் பயணம்

திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வழியாகப் பாயும் கொசஸ்தலை ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகவே கிடக்கும். பருவமழைக் காலத்தில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால், பள்ளிப்பட்டில் மழை இல்லாவிட்டாலும் வெள்ளம் வந்து தரைப்பாலங்களை மூழ்கடிக்கும். பாலைவன ஓடைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கும் இதே ஆபத்து உண்டு. எங்கோ மலையில் பெய்த மழை, வறண்ட ஓடையில் திடீர் வெள்ளமாக வரும்.

இளகிய மணலில் முன்சக்கரம் புதையும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால், அது மணலில் படியும் பரப்பு கூடிப் புதைவது குறையும். வெள்ளத்துக்கு அப்படி உபாயம் இல்லை. வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. உயரம் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். கலங்கிய நீருக்கடியில் பாதை அரித்துப் போயிருப்பதும் தெரியாது. எனவே நீர் வடியும்வரை கரையில் காத்திருப்பதே பாதுகாப்பு.