கண்ணி வைக்கும் பூசணம்

பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பாக்கு மரம் மஞ்சளடித்தால் முதல் பழி தண்ணீர் மேல்தான் விழும். விழாமல் என்ன செய்யும்? சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911-ல் வெள்ளைக்காரர் கட்டிய ஏரியே ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த ஊர் இது. கிணறு வற்றினால் மட்டை தொங்கும், குலை சிறுக்கும், பிஞ்சு கொட்டும். ஆனால் சொட்டுநீர் தவறாமல் போகிற தோப்பிலும் சில சமயம் நாலைந்து மரம் மட்டும் இதே கோலத்தில் நிற்கும். கொண்டை சிறுத்து, தண்டு மேலே போகப்போக ஒடுங்கிவிடும். உரம் வைத்தாலும் தேறாது, கூடுதலாகத் தண்ணீர் விட்டாலும் தேறாது.

அப்போது மண்வெட்டியை எடுத்து, மரத்தடியிலிருந்து ஓரடி தள்ளித் தோண்டிப் பார்க்க வேண்டும். பாக்குக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து கொத்துக் கொத்தாகச் சல்லிவேர்தான் இறங்கும். வெளுத்த இளவேர் ஒன்றைக் கழுவி, பிளேடால் நீளவாக்கில் கீறினால், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் நீள நீளமான புண்கள் தெரியலாம். பழைய புண்கள் ஒன்றோடொன்று கூடி, பழுத்துக் கறுத்து அழுகியிருக்கும். அந்த வேரைப் பொடியாக நறுக்கி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஓரிரவு போட்டுவைத்து, மறுநாள் அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியடியில் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத, நிறமே இல்லாத ஒரு புழு நெளிந்துகொண்டிருக்கும்.

துளைக்கும் நூற்புழு என்பார்கள். அறிவியல் பெயர் ரேடோஃபோலஸ் சிமிலிஸ். 1893-ல் நேதன் காப் என்ற அமெரிக்கர் இதை முதன்முதலாக விவரித்தது பிஜித் தீவின் வாழை வேரிலிருந்து. வாயில் ஓர் ஊசி இருக்கிறது. வேரின் சதைப் பகுதிக்குள் நுழைந்து ஒவ்வொரு செல்லாகக் குத்தி உறிஞ்சி, காலி செய்துவிட்டு அடுத்ததற்கு நகரும். முட்டையும் வேருக்குள்ளேயே. முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை சுமார் 25 நாள் போதும். ஆண் புழுவின் ஊசி மழுங்கிப்போனது. அது வேரைத் தின்பதே இல்லை, சேதமெல்லாம் பெண்ணும் குஞ்சுகளும் செய்வதுதான். இந்தோனேசியாவின் பாங்கா தீவில் சுமார் 2 கோடி மிளகுக் கொடிகள் மடிந்ததற்கு இந்தப் புழுவே காரணம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

வாழைப் புழு பாக்குத் தோப்புக்கு எப்படி வந்தது? நாமேதான் கூட்டிவந்தோம். பாக்கு நாற்று வெயில் தாங்காது. நிழலுக்காக இடையில் வாழை வைப்பது வழக்கம். மரம் உயர்ந்தபின் மிளகு ஏற்றுகிறவர்களும் உண்டு. வாழை, மிளகு, பாக்கு மூன்றுமே இந்தப் புழுவுக்கு ஒரே பந்தி. வெளியூரிலிருந்து வரும் வாழைக்கன்றின் கிழங்கில் ஒட்டிக்கொண்டு அது தோப்புக்குள் வந்துவிடுகிறது.

விஷம் போட்டுக் கொன்றால் என்ன என்று உலகமே ஒரு காலத்தில் நினைத்தது. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி பல நாடுகளில் தாராளமாக மண்ணில் இறங்கியது. 1977-ல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலையின் ஆண் தொழிலாளர்கள், தங்களுக்குக் குழந்தை பிறப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. மண்ணில் போடும் விஷம் கிணற்றுக்கும் இறங்கலாம்; தோப்புக்குள்ளேயே கிணறு இருக்கிற நம்மூரில் இந்தக் கதையை மறந்துவிடக் கூடாது.

மண்ணுக்குள் வேறொரு வழி எப்போதிருந்தோ நடந்துகொண்டிருக்கிறது. டிரெக்ஸ்லெரெல்லா என்றொரு பூசணம், தன் இழையிலிருந்து மூன்றே செல்களால் ஒரு சின்ன வளையம் செய்து மண்துகள்களுக்கிடையே வைத்திருக்கும். போகிற போக்கில் நூற்புழு அதற்குள் தலையை நுழைத்தால், மூன்று செல்களும் உள்பக்கமாகப் பொம்மி, வளையம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் இறுகிவிடும். பிறகு இழை புழுவின் உடலுக்குள் வளர்ந்து தின்று தீர்க்கும். இதன் உறவான ஆர்த்ரோபாட்ரிஸ் பசை தடவிய வலை பின்னுகிறது. சும்மா இருக்கும்போது பின்னாது. நூற்புழுக்கள் தமக்குள் சேதி சொல்லிக்கொள்ள ஒரு வேதிப்பொருளை விடுகின்றன. பூசணம் அதை ஒட்டுக்கேட்டுத்தான் வலை விரிக்கிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். ஊர்வம்பு பேசுகிறவர்கள் மாட்டிக்கொள்வது மண்ணுக்குள்ளும் உண்டு போலிருக்கிறது.

பாஸ்டூரியா என்ற பாக்டீரியா வேறு ரகம். வேட்டியில் நாயுருவி விதை ஒட்டுவதுபோல, மண்ணில் கிடக்கும் அதன் வித்து, கடந்துபோகும் குஞ்சுப் புழுவின் தோலில் ஒட்டிக்கொள்ளும். புழு வேருக்குள் போய்ச் சாப்பிடத் தொடங்கியதும் வித்து முளைக்கும். புழு சாவதில்லை, வளர்கிறது. முட்டை மட்டும் இடாது. அதன் வயிறு முழுக்கச் சுமார் 20 லட்சம் வித்துகள். 1940-ல் இதை விவரித்தவர் ஒருசெல் விலங்கு என்று எண்ணினார். பாக்டீரியா என்று தெளிய 35 ஆண்டு ஆனது. இதற்கு வாய்ருசி அதிகம். மிளகிலும் வாழையிலும் வரும் வேர்முடிச்சு நூற்புழுவைத்தான் பிடிக்கும், துளைக்கும் புழுவைத் தொடாது. ஆய்வகத்தில் குடுவையில் பெருக்குவதும் பெரும்பாடு.

கடையில் பொட்டலமாகக் கிடைப்பது பெரும்பாலும் பர்ப்யூரியோசிலியம் லைலாசினம். பழைய பெயர் பேசிலோமைசிஸ். நூற்புழு முட்டையைத் தின்னும் இந்தப் பூசணத்தை 1979-ல் பெரு நாட்டின் உருளைக்கிழங்கு ஆய்வாளர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். முட்டைமேல் அமர்ந்து, ஓட்டிலுள்ள கைட்டினைக் கரைத்து உள்ளே போகும். ஆனால் வேர்முடிச்சுப் புழு முட்டைக்குவியலை வேரின் வெளிப்புறத்தில் இடுகிறது. நம் துளைக்கும் புழுவோ வேருக்குள் இடுகிறது. மண்ணில் இருக்கும் பூசணம் அத்தனை முட்டையையும் எட்டிவிட முடியாது. அதனால் வேரிலேயே குடியிருக்கும் கூட்டாளிகளும் வேண்டும். வேம் எனும் வேர்ப்பூசணமும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் அப்படிப்பட்டவை. புழு வருவதற்கு முன்பே இவை வேரில் இடம்பிடித்து, செடியின் எதிர்ப்பையும் உசுப்பிவிடும்.

என்னைக் கேட்டால், பொட்டலத்தில் இருப்பவற்றை மாடு கன்று போலவே பார்க்க வேண்டும். தீனி இல்லாமல் நிற்காது. வெறும் மண்ணில் கொட்டினால் சில நாளில் அடங்கிவிடும். மக்கிய தொழு உரத்திலும் வேப்பம் பிண்ணாக்கிலும் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்து போடுவது இதனால்தான். பர்ப்யூரியோசிலியம் கண்ணில் பட்டால் அபூர்வமாகத் தொற்று உண்டாக்கும். கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது.

புழுதானா என்று சந்தேகம் இருந்தால் பனமரத்துப்பட்டி ஒன்றியத்திலேயே, சந்தியூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணையும் வேரையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாமல் எடுத்துப்போக வேண்டும். காய்ந்த மாதிரியில் புழு செத்திருக்கும்; சோதனை பொய்யாகிவிடும்.

பெரிய மரத்துக்கு வைத்தியம் மெதுவாகத்தான் பலிக்கும். அழுகிப்போன வேர் திரும்பி வராது, புதுவேர் விட்டால்தான் உண்டு. புதுத் தோப்பு வைப்பவருக்கு வேலை சுலபம். வாழைக்கிழங்கின் கறுத்த மேல்பகுதியைச் சீவி, 55 டிகிரி சூட்டு நீரில் 20 நிமிடம் முக்கி நடலாம். பாக்கு நாற்று வயலுக்கு வருமுன் ஓராண்டுக்கு மேல் பையில்தான் வளர்கிறது. மரத்துக்குக் கூடை கூடையாகப் போட வேண்டியதை, அந்தப் பையில் ஒரு கைப்பிடி எருவோடு முடித்துவிடலாம்.