புள்ளி எங்கே இருக்கிறது?

எல்லாமே பைசாக் கணக்கு என்று முடிவு செய்துவிட்டால், மூன்று ரூபாய் முப்பது பைசாவை 330 என்று எழுதிவிடலாம். புள்ளியே வேண்டாம். மலிவான மைக்ரோகன்ட்ரோலர்கள் பலவும் பின்னங்களை இப்படித்தான் கையாளுகின்றன. நூறுக்குப் பதிலாக 4096, 32768 போன்ற இரண்டின் அடுக்குகளால் பெருக்கி, முழு எண்ணாக வைத்துக்கொள்கின்றன. இதுதான் நிலைப்புள்ளி முறை.

இதில் ஓர் ஆபத்து உண்டு. எதனால் பெருக்கினோம் என்பது புரோகிராமருக்குத்தான் தெரியும். சி மொழிக் கம்பைலருக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு அது வெறும் 16 பிட் முழு எண்: −32768 முதல் 32767 வரை.

3.3 வோல்ட்டைப் பாதியாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3.3-ஐ 4096-ஆல் பெருக்கினால் 13517. பாதியை, அதாவது 0.5-ஐ, 32768-ஆல் பெருக்கினால் 16384. இரண்டையும் பெருக்கி, விடையை 15 பிட் வலப்பக்கம் நகர்த்தினால், அதாவது 32768-ஆல் வகுத்தால், 6758 கிடைக்கும். 4096-ஆல் வகுத்தால் 1.65 வோல்ட். சரியான விடை. கை தவறி 12 பிட் மட்டும் நகர்த்தினால் 54068 வரும். அது 16 பிட்டில் அடங்காமல் சுற்றிக்கொண்டு −11468 ஆகும், அதாவது −2.8 வோல்ட்! கம்பைலரோ வாய் திறக்காது.

ஆகவே சிப்பில் ஏற்றும் முன் கணினியிலேயே சிமுலேஷன் நடத்துகிறார்கள். அதே கணக்கை, புள்ளியின் இடத்தைக் கணினியே கவனித்துக்கொள்ளும் மிதப்புள்ளி முறையிலும் எழுதி, இரண்டுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, விடைகளை வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொரு மாறியும் தொட்ட மிகச்சிறிய, மிகப்பெரிய மதிப்புகளையும் குறித்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் 4096-இல் ஒரு பங்கு அளவில் இருந்தால், அது முழு எண்ணாக்கியதால் வந்த சிறு இழப்பு. விடை சரியாக எட்டு மடங்கு என்றால் நகர்த்தலில் மூன்று பிட் பிசகியிருக்கிறது. குறி திடீரென மாறினால் எண் வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

சிமுலேஷன் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணி, அதை விநாடியாக மாற்ற 0.1 என்ற 24 பிட் நிலைப்புள்ளி எண்ணால் பெருக்கியது. இரும எண்ணில் 0.1 முடிவில்லாமல் நீளும். 24 பிட்டில் வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் சுமார் 0.000000095 விநாடி குறைந்தது. 100 மணி நேரத்தில் அது 0.34 விநாடியாகச் சேர்ந்தது. அதற்குள், பேட்ரியாட் தடுக்க வேண்டிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஸ்கட்டைத் தடுக்க முடியாமல் 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

திருத்திய மென்பொருள் மறுநாள் அங்கே வந்து சேர்ந்தது.