ஒரே மேப்: அழைப்பிதழிலும் போனிலும் தெளிவாகத் தெரிய

திருமண அழைப்பிதழின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி காட்டும் சிறிய மேப் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அதே மேப் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. தாத்தா அழைப்பிதழை ஆட்டோக்காரரிடம் காட்டுவார்; பேரன் போனில் பார்ப்பான். இருவருமே முகூர்த்தத்துக்கு முன் வந்து சேர வேண்டும். சாப்ட்வேர் துறையில் இருப்பதால் நண்பர்கள் வீட்டுத் திருமணங்களுக்கு இப்படிச் சில மேப்கள் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஒரு முறை வரைந்து இரண்டு இடத்திலும் பயன்படுத்தும் வழியைப் பார்ப்போம்.

ஸ்கிரீன்ஷாட் ஏன் உதவாது?

பலர் இன்டர்நெட்டில் உள்ள மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே அச்சகத்தில் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது பிக்ஸல் எனப்படும் புள்ளிகளால் ஆனது. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. 900 பிக்ஸல் அகலமுள்ள படம் இந்தக் கணக்கில் 3 அங்குலம்தான் வரும். அதில் 12 பிக்ஸல் உயரமுள்ள தெருப்பெயர் 1 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். சரி, 6 அங்குலத்துக்கு இழுத்துவிடலாமே என்றால், அங்குலத்துக்கு 150 புள்ளிகள்தான் கிடைக்கும்; எழுத்தின் ஓரங்கள் மங்கும். சிறிதாக்கினாலும் தொல்லை, பெரிதாக்கினாலும் தொல்லை.

வெக்டராக வரையுங்கள்

இதற்குத் தீர்வு வெக்டர் படம். இதில் புள்ளிகளுக்குப் பதில் கோடுகளின் கணக்குதான் பைலில் பதிவாகும். எனவே எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. இங்க்ஸ்கேப் என்ற சாப்ட்வேர் இதற்கு ஏற்றது. இது இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் உங்கள் பகுதியைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை இங்க்ஸ்கேப்பில் அடி லேயராக வைத்து, அதன் மேல் புதிய லேயரில் சாலைகளை வரையுங்கள். முடிந்ததும் அடி லேயரை நீக்கிவிடலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை இப்படிப் பயன்படுத்த அனுமதி உண்டு. மேப்பின் ஓரத்தில் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும். கூகுள் மேப்ஸ் மீது வைத்து வரைவதை அதன் விதிகள் அனுமதிப்பதில்லை.

எல்லாத் தெருக்களும் வேண்டாம். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933ல் வெளியான மேப்பில் வளைந்த பாதைகள் நேர்கோடுகளாயின. தூரத்தைவிட எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதே முக்கியம் என்று அவர் கருதினார். நமக்கும் பஸ் நிலையம், திரும்பும் இடங்கள், அங்குள்ள கோயில் அல்லது பெட்ரோல் பங்க், மண்டபம் ஆகியவை இருந்தால் போதும்.

நிறமும் அளவும்

மானிட்டர் சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகத்தில் நான்கு மைகள். எனவே ஸ்கிரீனில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் காகிதத்தில் சற்று மங்கும். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடலாம். எனவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மெயின் ரோடு தடித்த கோடு, தெரு மெல்லிய கோடு, ரயில் பாதை குறுக்குக் கோடு என்று வடிவத்தில் வேறுபடுத்துங்கள்.

"1 செ.மீ. = 100 மீட்டர்" என்றும் எழுதாதீர்கள். போனில் பெரிதாக்கியதும் அது தவறாகிவிடும். அதற்குப் பதில் 100 மீட்டரைக் குறிக்கும் சிறு கோடு ஒன்றைப் போடுங்கள். மேப் சுருங்கினால் கோடும் சேர்ந்து சுருங்கும், கணக்கு தவறாது. இதற்குச் சாலைகளின் நீளத்தை மாற்றாமல் வரைந்திருக்க வேண்டும். பெக் பாணியில் வளைவுகளை நிமிர்த்தியிருந்தால் கோட்டை விட்டுவிட்டு, "பஸ் நிலையத்திலிருந்து 600 மீட்டர்" என்பதுபோல் எழுதிவிடுங்கள்.

ஒரு மேப், இரண்டு பைல்

ஏ5 காகிதத்தின் அகலம் 14.8 செ.மீ. போன் ஸ்கிரீன் ஏறக்குறைய 7 செ.மீ. காகிதத்தில் 8 பாயின்ட்டில் இருக்கும் எழுத்து போனில் பாதியாகிவிடும். எனவே சாலைகளை ஒரு லேயரிலும், அச்சுக்கான பெயர்களை இன்னொன்றிலும், போனுக்கான பெயர்களை மூன்றாவதிலும் வையுங்கள். போன் லேயரில் எழுத்து இரு மடங்கு பெரிதாகவும் பெயர்கள் குறைவாகவும் இருக்கட்டும். வேண்டாத லேயரை மறைத்துவிட்டு சேமியுங்கள்.

அச்சுக்கு: பி.டி.எப். ஆக சேமியுங்கள். அப்போது வரும் விண்டோவில் எழுத்துகளை பாத் ஆக மாற்றும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அச்சகத்தில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறாது. மூல பைலைத் தனியாக வைத்திருங்கள். முகவரி, போன் எண், குறைந்தது 2 செ.மீ. அளவில் க்யூ.ஆர். கோடு ஆகியவை இதில் இருக்கட்டும்.

போனுக்கு: 1080 பிக்ஸல் அகலத்தில் பி.என்.ஜி. ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜே.பி.ஜி.யில் எழுத்தைச் சுற்றி அழுக்குபோல் படியும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். டாகுமென்ட் ஆக அனுப்புங்கள். க்யூ.ஆர். கோடு இங்கே வேண்டாம். அந்தப் படம் இருக்கும் போனாலேயே அதை ஸ்கேன் செய்வது சிரமம். இடத்தின் லிங்கை மெசேஜில் சேர்த்தால் போதும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் அதே அளவில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரின்ட் எடுத்து, கண்ணாடி அணியும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வழி சொல்லச் சொல்லுங்கள். க்யூ.ஆர். கோடையும் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். ஆயிரம் பிரதிகள் அச்சான பிறகு எதையும் திருத்த முடியாது.