ஒரே ஒயரில் இரண்டு குடித்தனமா?

வீடு கட்டும்போது பூஜை அலமாரி எந்தப் பக்கம், சமையல் மேடை எவ்வளவு உயரம், துணி உலர்த்தக் கொடி எங்கே என்றெல்லாம் நாம் பத்து நாள் யோசிக்கிறோம். ஆனால் சுவருக்குள் ஓடும் ஒயர்களை மட்டும் "அது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று விட்டுவிடுகிறோம். பிறகு டி.வி.யில் படம் நின்றாலும், குழந்தையின் பாடம் பாதியில் அறுந்தாலும், பகல் முழுக்க வீட்டில் இருந்து அவஸ்தைப்படுவது யார்? நாம்தானே!

இன்று அநேக வீடுகளில் மொட்டை மாடியில் டிஷ் தட்டு இருக்கிறது. சில தெருக்களில் கேபிள்காரர் டி.வி.க்குப் போட்ட அதே வகை ஒயரில் இன்டர்நெட்டும் தருகிறார். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரியான தடித்த கறுப்பு ஒயர்தான். "ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டா சுவரைத் தோண்ட வேண்டாமே" என்ற எண்ணம் யாருக்கும் வரும். சேர்க்கலாமா, கூடாதா? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தபோது நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் ஒரு வழக்கு

எங்களுடையது முதல் மாடி வீடு. மாடியிலிருந்து கூடத்துக்குச் சுவருக்குள் ஒரே ஒரு குழாய். அதற்குள் டிஷ் ஒயர் மட்டும். மகள் பிளஸ் டூ. அவள் படிப்புக்கும் அவள் அப்பாவின் ஆபீஸ் வேலைக்கும் கேபிள் இன்டர்நெட் வேண்டியிருந்தது. அந்த ஒயரை எந்த வழியாக உள்ளே கொண்டுவருவது?

"டிஷ்ஷை எடுத்துடலாமே. இன்டர்நெட் வந்தா எல்லாத்தையும் அதுலேயே பார்த்துக்கலாம்" என்றாள் மகள். அதைக் கேட்ட என் மாமியார், "எனக்காக ஒண்ணும் செலவு பண்ண வேண்டாம்மா. நான் சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்" என்றார்.

அந்தச் 'சும்மா'வுக்கு என்ன அர்த்தம் என்று மருமகளுக்குத் தெரியாதா? அத்தைக்குச் சிறிய எழுத்து தெரியாது. ஆனால் ரிமோட்டில் எந்த எண்ணை அழுத்தினால் பக்திப் பாட்டு, எந்த எண்ணில் செய்தி என்பது விரலுக்கே பழக்கம். செல்போனைப் போலத் தடவித் தடவித் தேடுவது அவருக்கு வராது. வீட்டில் இடம் போதாதபோது வயதானவர்களின் கட்டிலை நகர்த்துகிற மாதிரிதான் இதுவும் என்று என் மனசுக்குப் பட்டது.

ஒயர் போட வந்த பையன் சுலபமாக வழி சொன்னான்: "ஒரு ஸ்பிளிட்டர் போட்டுடலாம் அக்கா. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. ஒரே ஒயர்ல ரெண்டும் ஓடும்."

"இரு தம்பி, நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவைக் கேட்டேன்.

அஞ்சறைப் பெட்டிக் கணக்கு

"அம்மாடி, ஒயரை ஒரு அஞ்சறைப் பெட்டின்னு நினைச்சுக்கோ" என்று ஆரம்பித்தார் சித்தப்பா. அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையைத் தட்டு சேகரிக்கிறது. தட்டுக்கு எதிரே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய டப்பாவுக்கு எல்.என்.பி. என்று பெயர். அது அந்த அலையை ஒயரில் போகக்கூடிய அளவுக்கு மாற்றித் தருகிறது. அப்படி மாறிய அலை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கிண்ணத்தில் உட்காருகிறது. கேபிள்காரரின் டி.வி.யும் இன்டர்நெட்டும் வழக்கமாக 5 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கிண்ணத்தில் இருக்கும்.

கடுகும் மிளகும் ஒரே பெட்டியில், தனித்தனிக் கிண்ணத்தில் இருப்பதில்லையா? அதுபோல ஒரே ஒயரில் இரண்டும் போவது சாத்தியம்தான். ஆனால் அதற்கு உரிய பாகம் ஸ்பிளிட்டர் அல்ல. டைபிளெக்சர் என்று ஒன்று உண்டு. சேர்க்கும் இடத்தில் ஒன்று, பிரிக்கும் இடத்தில் ஒன்று என ஜோடியாகப் போட வேண்டும்.

"அப்போ அதையே போட்டுடலாமே சித்தப்பா?" என்றேன்.

"கிண்ணம் வழிஞ்சா?" என்றார் அவர். கேபிள் இன்டர்நெட்டில் டாக்சிஸ் 3.1 என்ற முறை 2013-ல் வந்தது. அதில் கேபிளின் அலை 1,218 மெகாஹெர்ட்ஸ் வரை போகலாம். டிஷ்ஷின் கிண்ணமோ 950-லேயே ஆரம்பித்துவிடுகிறது. இன்று ஒழுங்காக ஓடும் இணைப்பு, நாளைக்குக் கேபிள்காரர் வேகத்தைக் கூட்டி முறையை மாற்றினால் தகராறு செய்யும். கடுகில் மிளகு கலந்த கதைதான்!

ஸ்பிளிட்டர் ஏன் ஆகாது?

இதைத்தான் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஷ் ஒயரில் படம் மட்டும் கீழே வருவதில்லை. மின்சாரமும் மேலே போகிறது! டி.வி. பக்கத்தில் இருக்கும் செட்டாப் பெட்டிதான் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை அதே ஒயர் வழியாக அனுப்புகிறது. நம்மை அடிக்கிற அளவு மின்சாரம் இல்லை. ஆனால் அதை எதிர்பார்க்காத ஒரு மோடத்தின் வாயில் போய்ச் சேர்ந்தால் மோடம் கெட்டுப்போகலாம். சில ஸ்பிளிட்டர்கள் அந்த மின்சாரத்தை மேலே போகவிடாமல் தடுத்துவிடும். அப்போது எல்.என்.பி. பட்டினி, டி.வி.யில் 'சிக்னல் இல்லை' என்ற வாசகம்தான் தெரியும்.

இன்னொன்று: இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் குறைவான பலம்தான் போகிறது. அதோடு, கேபிளுக்கான சாதாரண ஸ்பிளிட்டர் டிஷ்ஷின் அலைக்குச் செய்யப்பட்டதே அல்ல. அதன் முதுகில் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். 950-லிருந்து 2,150-ஐத் தாண்டி எழுதியிருந்தால்தான் அது டிஷ்ஷுக்கு உரியது. மளிகைப் பொட்டலத்தில் தேதி பார்ப்பதுபோல இதையும் பார்த்து வாங்கலாம். இதற்கு இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை.

நாம் அறியாமல் அக்கம்பக்கத்துக்குச் செய்யும் உபத்திரவமும் ஒன்று உண்டு. கேபிள் இன்டர்நெட்டில் நம் வீட்டிலிருந்தும் தகவல் தெருவுக்குத் திரும்பிப் போகிறது. தளர்ந்த முனையோ, மூடாமல் விட்ட ஒயரோ இருந்தால் நம் வீட்டு இரைச்சல் அந்தத் தெரு ஒயரில் ஏறி, எதிர்வீட்டுப் பிள்ளையின் வகுப்பைக் கெடுக்கக்கூடும். பயன்படாத முனைக்கு 75 ஓம் மூடி போட்டுவிட வேண்டும்.

யாரைக் கேட்பது?

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தோன்றிய காரணம் வேறு. டிஷ் ஒரு கம்பெனி, இன்டர்நெட் ஒரு கம்பெனி. ஒரே ஒயரில் இரண்டையும் ஓட்டி, நடுவில் கோளாறு வந்தால் யாருக்குப் போன் செய்வது? "எங்க பக்கம் சரியா இருக்கும்மா, அவங்களைக் கேளுங்க" என்பார் இவர். அவரும் அதையே சொல்வார். நடுவில் நின்று, அடுப்பில் குழம்பையும் வைத்துக்கொண்டு, இரண்டு பேரிடமும் பேசுவது வீட்டிலிருக்கும் பெண்தான்.

அதனால் நான் முடிவு செய்தேன்: இரண்டுக்கும் தனித்தனி வழி. டிஷ் ஒயர் பழைய குழாயிலேயே இருக்கட்டும். இன்டர்நெட் ஒயர் வெளிச்சுவரில் தனிக் குழாய் வழியாக இறங்கி, கூடத்து ஜன்னல் ஓரமாக உள்ளே வரட்டும். சுவர் தோண்டவில்லை, ஒரு சிறிய துளை மட்டும். ஆன செலவு நல்ல பட்டுப்புடவை ஒன்றின் விலையில் பாதிகூட இல்லை.

துளை போடும்போது, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து சரிவாக இருக்கும்படி சொன்னேன். ஒயரும் நேராக உள்ளே நுழையாமல், துளைக்குக் கீழே கொஞ்சம் தொங்கி வளைந்து, பிறகு மேலேறி உள்ளே போக வேண்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவருக்குள் ஓதம் இறங்காது.

தனி வழியில் இன்னொரு லாபமும் உண்டு. கன மழையில் டிஷ்ஷின் அலை மங்கிப் படம் நின்றுவிடும். காற்றில் மரம் சாய்ந்தால் தெருக் கேபிள் அறுந்துபோகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் எத்தனை மரங்கள் விழுந்தன! இரண்டு வழியும் தனியே இருந்தால் ஒன்று போனாலும் மற்றது மூலம் புயல் செய்தி தெரியும். மின்சாரமே போய்விட்டால் இரண்டும் இல்லை. அதற்கு பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

மாதாமாதம் இரண்டு கட்டணமா என்று மலைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய இலவச டிஷ் சேவை இன்றும் மாதக் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பெட்டிக்கும் தட்டுக்கும் ஒரு முறை செலவு செய்தால் போதும். அதில் வரும் சேனல்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

டிஷ் ஒயரையோ இன்டர்நெட் ஒயரையோ மின்சார ஒயர் ஓடும் குழாய்க்குள் செருக ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உள்ளே உறை தேய்ந்து ஒன்றோடொன்று பட்டால், 230 வோல்ட் மின்சாரம் டி.வி. ஒயரின் உலோகத்தில் ஏறிவிடும். தவழும் குழந்தை அந்த முனையைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே நடுங்குகிறது.

மாடியில் உள்ள தட்டுக்கு எர்த் இணைப்பு வேண்டும். இதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள். எர்த் இருந்தாலும் நேராக விழும் இடியைத் தடுக்க முடியாது. ஆகவே வானம் கறுக்கும்போதே செட்டாப் பெட்டி, மோடம் இரண்டின் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். இடி ஆரம்பித்த பிறகு ஒயரைத் தொட வேண்டாம்.

ஒயரின் நுனியில் திருகும் உலோக மூடிகள் பொட்டு டப்பா மூடியைவிடச் சிறியவை. வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கி, வெட்டிய செம்புத் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். குழந்தையின் கைக்கு எட்டினால் அடுத்து வாய்க்குத்தான் போகும்!

மோடத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், காற்றோட்டமாக, வீட்டின் நடுப்பகுதியில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குள்ளோ டி.வி.க்குப் பின்னாலோ வைத்தால் வைஃபை எட்டாது. மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகிலும் வேண்டாம். படம் தெரியவில்லையென்று கைப்பிடிச் சுவரில் ஏறித் தட்டைத் திருப்பும் வேலையை நீங்களும் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் ஏவாதீர்கள்.

புது வீடு கட்டுகிறீர்களா?

அப்படியானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பூச்சு வேலைக்கு முன்பே மேஸ்திரியிடம் இவற்றைக் கேளுங்கள்:

* மாடியிலிருந்து கூடத்துக்கு டிஷ்ஷுக்கு ஒரு குழாய். தெருப் பக்கத்திலிருந்து இன்டர்நெட்டுக்கு வேறொரு குழாய். இரண்டும் மின்சாரக் குழாயிலிருந்து விலகி இருக்கட்டும்.
* குழாய் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல், திருப்பங்களில் வளைவு நீளமாக இருக்கட்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்தால், பின்னால் எந்த ஒயரையும் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.
* டி.வி. ஒயர் ஆர்.ஜி.6 ரகமாக இருக்கட்டும். பழைய மெல்லிய ஆர்.ஜி.59 டிஷ்ஷுக்கு ஏற்றதல்ல.
* இரண்டு அறைகளில் இரண்டு டி.வி.யில் வெவ்வேறு சேனல் வேண்டுமானால், இரட்டை வாய் கொண்ட எல்.என்.பி.யும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஒயரும் வேண்டும்.
* எந்தக் குழாயில் எது என்று ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஒயரின் இரண்டு முனையிலும் பெயர்ச் சீட்டு ஒட்டுங்கள்.

இப்போது பல தெருக்களில் கண்ணாடி இழைக் கேபிளில் இன்டர்நெட் வருகிறது. கண்ணாடி இழையில் ஒளிதான் போகிறது. அதை டிஷ் ஒயரோடு இணைக்கும் பேச்சே எழாது. ஆனால் அதற்கும் உள்ளே வர ஒரு பாதை வேண்டும். முறுக்காமல் மடக்காமல் கொண்டுவர வேண்டும். ஆக, தனிக் குழாய் அப்போதும் வீண்போகாது.

சுவருக்குள் போகும் ஒரு குழாயை மிச்சம் பிடித்தால், பிற்பாடு வீட்டில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். படிக்கிற பிள்ளையையோ, வேலை பார்க்கிறவரையோ விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டோம். மீதி இருப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை ஒயர்காரர் வரும்போது, காபியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பிவிடாமல் பக்கத்திலேயே நின்று, "தம்பி, எது எதுக்கு?" என்று கேளுங்கள்.